சங்கு ஊதினால் உள்ளே

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தின் சங்குக்குப் பொழுதுகள் உண்டு. விடியுமுன் ஊதினால் பகல்முறை ஆட்கள் இறங்குவார்கள். பிற்பகலில் ஊதினால் அவர்கள் ஏறுவார்கள். அந்தப் பொழுதுகளில் ஊதுவதைச் சேவல் கூவுவதைப் போல யாரும் காதில் வாங்குவதில்லை. பொழுது தப்பி ஊதினால் மட்டும் அதற்கு ஒரே பொருள்தான்: கீழே ஏதோ நேர்ந்துவிட்டது. அப்போது எங்கள் கும் ஹெஸ்க் ஊரின் எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் இருக்கமாட்டாள்.

உயிரோடு ஏறினாலும் உடலாய் ஏறினாலும், சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவனை அவன் வீட்டார் ஒருவர் வாசலில் நின்று ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் பிரசங்க பீடத்திலிருந்தும் இது போதிக்கப்பட்டதில்லை. ஆயினும் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்ததாக அது எங்கள் எலும்பில் எழுதப்பட்டிருந்தது. என் தாத்தா இட்வால் பெய்னனின் எலும்பிலும் எழுதப்பட்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி வாரத்தில் அதை அவர் மறந்துபோனார்.

நான் அப்போது நாலு மாதக் குழந்தை. நெஸ்டா என்று பெயரிட்டு, எங்கள் நாட்டு வழக்கப்படி என் தாய் மென்னா தன் தோளோடும் இடுப்போடும் ஒரு கம்பளிச் சால்வையால் என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரிந்தாள். இங்கே சொல்வதெல்லாம் பின்னாளில் அவள் சொல்ல நான் கேட்டது.

அந்த வாரம் நாடு முழுவதும் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மானியர் செக் நாட்டின் எல்லையில் நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் புல்வெளியில் பதுங்குகுழி தோண்டினார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் குண்டு விழும் என்று பால்காரர் முதற்கொண்டு சொன்னார்கள். குண்டைவிட ஊரார் அஞ்சியது விஷப்புகையை. தாத்தாவோ சுரங்கத்தில் முப்பது ஆண்டு வாயு சோதித்தவர். கரித்தூள் நெஞ்சில் படிந்து, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று கொள்ளும் மூச்சோடு ஓய்வு பெற்றவர். ஹெர்மோன் ஜெபக்கூடத்தின் மூப்பர். ஆகையால் எங்கள் மேல்வரிசைத் தெருவின் விமானத் தாக்குதல் தற்காப்புக் காவலராக அவரை நியமித்துக் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும், ஒரு விசிலும் கொடுத்தார்கள். முந்திய யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போகாமல் சுரங்கத்திலேயே இருத்தப்பட்டவர் அவர். அந்தக் கைப்பட்டையை அவர் ஞாயிற்றுக்கிழமை அங்கியின்மேலும் கட்டிக்கொண்டார்.

விஷப்புகையைத் தடுக்கும் முகமூடிகள் சனிக்கிழமை ஹெர்மோனின் பின்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தன. வேத பாடத்துக்குக் குழந்தைகள் அமரும் பெஞ்சுகளின்மேல், தகர மூக்கு வைத்த கறுப்பு ரப்பர் முகங்கள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. தாத்தா ஒவ்வொருவருக்கும் முதலில் மோவாயை நுழைத்து, வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்து, மூக்கின் நுனியில் ஓர் அட்டையை வைத்து, "மூச்ச இழும்மா" என்பார். அட்டை ஒட்டிக்கொண்டால் பொருத்தம் சரி.

எங்கள் எதிர்வீட்டுக் கைன்வென் முதலில் வந்தாள். அவள் கணவரையும் இரண்டு தம்பியரையும் சுரங்கம் முன்பே கொண்டுபோயிருந்தது. அவளுடைய நாக்கை மட்டும் அதனால் கொண்டுபோக முடியவில்லை.

"அண்ணே, இங்க கண்ணாடி இருக்கா?" என்றாள் முகமூடிக்குள்ளிருந்து.

"எதுக்கு?"

"இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் பார்க்க லட்சணமா இருக்கேன்னு தோணுது."

அவள் மூச்சுவிட்டபோது ரப்பர் கன்னத்தோரம் அதிர்ந்து ஒரு நாகரிகமற்ற ஓசையை எழுப்பியது. வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது.

"மன்னிக்கணும். கர்த்தருடைய வீட்டுல இப்படி ஒரு சத்தம் நான் போட்டதே இல்ல."

அந்தச் சிரிப்பு ஓயுமுன் என் தாயின் முறை வந்தது. அவள் தன் முகமூடியை வாங்கிக்கொண்டு, சால்வையை விலக்கி என் முகத்தைக் காட்டினாள்.

"இவளுக்கு எது மாமா?"

காலையிலிருந்து தாத்தா அஞ்சிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். "ரெண்டு வயசுக்கு உள்ள இருக்கறதுங்களுக்கு இன்னும் வரல. செஞ்சிட்டு இருக்காங்களாம்."

"எப்ப வரும்?"

"சொல்லல."

"சண்ட எப்ப வரும்னு மட்டும் எல்லாரும் சொல்றாங்களே."

தாத்தா தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையின் சன்னல் இடுக்கை எல்லாம் காகிதம் ஒட்டி அடைக்கவேண்டும். சங்கு ஊதியதும் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு அந்த அறைக்குள் ஓடி, நனைத்த கம்பளியொன்றைக் கதவின்மேல் தொங்கவிட வேண்டும். அபாயம் நீங்கியதற்கான ஊதல் கேட்கும்வரை எவர் அழைத்தாலும் திறக்கலாகாது. முகமூடி இல்லாத குழந்தைக்கு அந்த அறையே முகமூடி. தாய் உள்ளே போனால் அது பிழைக்கும், போகாவிட்டால் இல்லை.

என் தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் முகமூடியை மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"அவ கண்ணு முன்னால நான் மட்டும் இத மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா? அவளுக்கு வரும்போது எனக்கும் எடுத்து வைங்க."

அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்களும் ஒருத்திபின் ஒருத்தியாக வந்து தங்களுடையதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை நகரத்திலிருந்து கேப்டன் லாச்ஃபோர்ட் வந்தார். எங்கள் பள்ளத்தாக்கின் தற்காப்புக்கெல்லாம் பொறுப்பாளர், மென்மையான மனிதர், தூங்கி நாளாகியிருந்தது முகத்தில் தெரிந்தது.

"அபாயச் சங்கு உங்க ஊருக்கு இன்னும் வந்து சேரல மிஸ்டர் பெய்னன். எப்ப வரும்னும் தெரியல. ஜனங்களுக்கு எப்படித் தெரிவிக்கிறது?"

"சுரங்கத்துச் சங்கு இருக்கே ஐயா. மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்."

"குழப்பம் வராதா?"

"வேலைக்கு ஊதறது நீட்டா ஒரு ஊதல். நாம விட்டு விட்டு ஊதச் சொல்வோம். அபாயம் போயிடுச்சுன்னா நீட்டா ஊதட்டும். நாளைக்கு எல்லா ஜெபக்கூடத்துலயும் வாசிச்சிட்டாப் போதும்."

கேப்டன் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். விபத்து நேர்ந்தால் ஊதுவதும் அதே விட்டு விட்டு ஊதும் ஊதல்தான் என்பது தாத்தாவின் நினைவில் எழவில்லை. பெரிய விபத்து நேர்ந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காலடியிலிருந்த பூமி மறந்துபோயிற்று. ஞாயிறன்று அவரே எழுந்து நின்று அறிவிப்பை வாசித்தார். திங்கள் பிற்பகல் ஒத்திகை. சங்கு ஊதினால் எல்லோரும் உள்ளே. சபையார் தலையசைத்தார்கள்.

திங்களன்று தாத்தா தெருமுனையில் விசிலோடு நின்றார். என் தந்தை எம்ரிஸ் பகல்முறையில் கீழே இருந்தார். சொன்னபடி சங்கு ஊதியது, விட்டு விட்டு.

ஒரு கணம் தெரு அசையவில்லை. தாத்தா விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனார். அதற்குள் ஒரு கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவுகளும். மாவு படிந்த கைகளோடும், ஒரு காலில் மட்டும் செருப்போடும், சவரம் பாதி முடிந்த கிழவரின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டும் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தியும் கூவவில்லை, மலைச்சரிவில் மழைநீர் திரள்வதுபோல் ஓசையின்றித் திரண்டு, சுரங்கத்தை நோக்கி மேலே ஓடினார்கள். ஒத்திகை என்பதை அவர்கள் அறிவு அறிந்திருந்தது. கால்கள் அறிந்திருக்கவில்லை.

சுரங்க வாசலை எட்டியபோதுதான் தாம் அவர்களுக்கு முன்னால் ஓடி வந்திருப்பதைத் தாத்தா கண்டார். மூச்சு அவர் நெஞ்சில் அரம்போல் அறுத்தது. விசில் கையிலேயே இருந்தது.

"என்ன இட்வால் அண்ணே," என்றான் வாயிற்காவலன், "ஒத்திகன்னு நேத்து நீங்கதானே வாசிச்சீங்க?"

கேப்டன் மோட்டாரில் வந்து இறங்கினார். ஊர் முழுவதும், கூரையற்ற முற்றத்தில், தோளோடு தோளாக நின்றது. அவர் கோபிக்கவில்லை; அது தாத்தாவுக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"இது நிஜமா இருந்திருந்தா, மிஸ்டர் பெய்னன், இங்க ஒருத்தர்கூட மிஞ்சியிருக்க மாட்டாங்க."

"அப்ப ராத்திரிக்கு சமைக்கிற வேல மிச்சம்," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனெனில் தாத்தா சிரிக்கவில்லை. அவர் வாயிற்கம்பியை ஒட்டி நின்ற என் தாயையும், சால்வைக்கு வெளியே தெரிந்த என் தலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு முன்னால் தாத்தா திரும்பி வந்தபோது தெரு வெறுமையாயிருந்தது. கைன்வென் வீட்டுச் சன்னல் மட்டும் அடைபட்டிருந்தது; கதவைத் தள்ளினார், பின்னால் ஈரக் கம்பளி தொங்கியது. அவள் முகமூடி அணிந்து மேசைக்கடியில் அமர்ந்திருந்தாள்.

"நான் மட்டுந்தான் உசிரோட இருக்கேனா அண்ணே? பேச்சுத்துணைக்கு யாரையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

"நீ ஏன் ஓடல கைன்வென்?"

அவள் முகமூடியைக் கழற்றினாள். முகத்தில் ரப்பர் விளிம்பின் வடு பதிந்திருந்தது.

"யாருக்காக ஓடணும்?" என்றாள்.

அன்று மாலை என் தந்தை கணப்பின் முன்னால் தகரத் தொட்டியில் அமர்ந்து கரியைக் கழுவிக்கொண்டிருக்க, தாத்தா என் தாயிடம் பேச்செடுத்தார்.

"அடுத்த தடவ நீ உள்ள போகணும் மென்னா."

"நீங்க சொல்றீங்க. உங்க காலு என்ன சொல்லிச்சு?"

"என் கால விடு. நான் வாழ்ந்து முடிச்சவன். இவளுக்கு மூடிக்க ஒண்ணும் இல்ல. அந்த அற ஒண்ணுதான்."

"தெரியும் மாமா. ஊதறது குண்டுக்கா, கூரை சரிஞ்சதுக்கான்னு எனக்கு யார் சொல்லுவா? ரெண்டுக்கும் ஒரே ஊதல்தானே வெச்சிருக்கீங்க."

தந்தை முதுகைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எங்க அப்பாவ மேல கொண்டுவந்தப்போ முகத்துல அடையாளமே இல்ல," என்றாள் என் தாய். "கால் உறையப் பார்த்துட்டு அம்மா சொன்னாங்க, இது நான் பின்னினதுன்னு. பேரச் சொல்லிக் கூப்பிட்டுத் தொட்டாங்க. அதுக்கப்புறந்தான் அவர் எங்க அப்பா. பக்கத்துல கிடந்தவருக்கு யாரும் வரல. அவர பேர் இல்லாமலே புதைச்சாங்க. இவரு ஏறி வந்து பாக்கறப்போ வாசல்ல யாரும் இல்லாம இருக்கணுமா?"

"மென்னா, நான் சும்மா நடந்து வந்துருவேன்," என்றார் தந்தை.

"எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் எறங்கறாங்க."

"நான் நின்னா?" என்றார் தாத்தா. "நான் அவனப் பெத்தவன்தானே. உனக்குப் பதிலா நான் நின்னா?"

"நீங்க தெருவுல நிக்கணுமே. கைப்பட்ட கட்டியிருக்கீங்களே."

அவள் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவரை விட்டு அகலவில்லை. ஒருபுறம் அந்தக் குழந்தையின் மூச்சு. மறுபுறம் ஒரு தலைமுறைக்கும் முந்திய வழக்கம். இரண்டுக்கும் நடுவில், தாமே யோசனை சொல்லி ஊதச்செய்த சங்கு. எந்நாளும் எவர் மரணப் படுக்கையிலும் சொல் தேடித் தடுமாறாத மூப்பர், அன்றைய குடும்ப ஜெபத்தில் ஆமென் என்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சங்கின் கயிறு யார் கையில் இருந்ததோ அந்த எஞ்சின்காரர் மால்டுவினிடம் போனார். விபத்துக்கு வேறு விதமாய் ஊத முடியுமா என்று கேட்டார்.

"எப்படி வேணா ஊதறேன்னு சொல்லலாம் அண்ணே," என்றார் மால்டுவின். "கீழேருந்து மணி அடிச்சா நான் யோசிச்சா இழுப்பேன்? கை இழுக்கும். கை பழகினபடிதான் இழுக்கும்."

குண்டுக்கான ஊதலை மாற்றினாலும், பொழுது தப்பிய எந்த ஊதலுக்கும் ஊரார் கால்கள் ஓடும் என்பது தாத்தாவுக்குத் தெரியும். அங்கிருந்து அவர் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் முதியவர் ஒருவர் இருந்தார். பாட்டனோ, மாமியாரோ, கல்யாணமாகாத அத்தையோ. இனிப் பொழுது தப்பிச் சங்கு ஊதினால் அவர்கள் மட்டும் முகமூடி அணிந்து சுரங்க வாசலுக்குப் போவது. வீட்டின் பொருட்டு அவர்கள் நிற்பது. இளையவர்கள் குழந்தைகளோடு உள்ளேயே இருப்பது. இதுதான் அவர் கேட்டது. எந்தக் கிழவரிடமும் அவர் மறைத்துப் பேசவில்லை.

"சாகறதுக்கு ஆள் எடுக்கறியா இட்வால்?" என்றார் தியோஃபிலஸ் என்ற கிழவர். அவருக்கு ஒரு கண் தெரியாது.

"ஆமா."

"வயசாயிடுச்சு, கண்ணு சரியில்லன்னு எந்தப் பட்டாளமும் என்னச் சேர்க்கல. நீயாவது சேர்த்தியே. முகமூடிக்கு ஒரு கண்ணாடி போதும்னு சொல்லு, துடைக்கிற வேல மிச்சம்."

மாலைக்குள் மேல்வரிசையில் எல்லா வீடும் இசைந்தது. எஞ்சியது அவர் வீடு ஒன்றுதான். அங்கே அவரைத் தவிர முதியவர் இல்லை.

அன்று மாலையே தாத்தா சொல்லக் கேட்ட கேப்டன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"குண்டு விழறப்போ கிழவங்கள வெட்டவெளியில நிறுத்தறதா? இது எந்த விதியில இருக்கு மிஸ்டர் பெய்னன்?"

"விதியில இல்லதான் ஐயா. அவங்க வெளிய நின்னாத்தான் சின்னவங்க உள்ள நிப்பாங்க."

"அவங்க செத்துப்போவாங்க."

"சம்மதிச்சுத்தான் இருக்காங்க."

கேப்டன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீங்க என்கிட்ட சொல்லல. நான் கேக்கல."

அப்போது தாத்தா கைப்பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்து, தெருவுக்குக் கைன்வெனை நியமிக்கும்படி வேண்டினார்.

"அந்த அம்மாவுக்கு ஒழுங்கெல்லாம் தெரியுமா?"

"திங்கக்கிழமை ஊர்லயே ஒழுங்குப்படி உசிரோட இருந்தது அவங்க ஒருத்தங்கதான் ஐயா."

பட்டையை அவளிடம் கொடுத்தபோது கைன்வென் ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கையை மட்டும் நீட்டினாள், அவரே கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து வெறுங்கையை என் தாய்க்குக் காட்டினார்.

"நீங்க நின்னா நான் உள்ள இருக்கேன்," என்றாள். "ஆனா பேரச் சொல்லிக் கூப்பிடணும் மாமா. அவரு வெளிய வர்றப்போ."

புதன்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், முன்னறிவிப்பு ஒன்றுமின்றி, சங்கு ஊதியது. விட்டு விட்டு.

அன்று காலை வானொலிச் செய்தியைக் கேட்டபின் எவருக்கும் சமாதானத்தில் நம்பிக்கை மிஞ்சியிருக்கவில்லை. குண்டுவீச்சு விமானம் என்றே பாதித் தெரு நினைத்தது. மறுபாதி நினைப்பதற்கு அஞ்சியது. கைன்வென் தெருநடுவில் நின்று விசிலை ஊதினாள். கதவுகள் திறந்தன. வாசற்படியில் பெண்கள் நின்றார்கள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

"உள்ள போங்கடி," என்றாள் கைன்வென். குரலை உயர்த்தவில்லை. "உங்க பெரியவங்க போறாங்க. நீங்க போங்க உள்ள."

முதியவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். தாத்தா என் தாயின் முகத்தைப் பார்க்காமல் கடந்தார். பார்த்திருந்தால் நின்றிருப்பேன் என்று பின்னர் சொன்னாராம். தடியூன்றியும் ஒருவர் தோளை ஒருவர் பற்றியும் அந்த ரப்பர் முகங்கள் சரிவில் ஏறின. முகமூடியோடு ஓட அவர்களால் ஆகாது. மூச்சு வாங்கும் ஓசை முகமூடிக்குள் கொல்லன் துருத்திபோல் கேட்டது.

என் தாய் பின்னறைக்குள் போய் ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டு, தரையில் அமர்ந்து, சால்வையோடு என்னை மார்பில் அழுத்திக்கொண்டாள். இருட்டில் கம்பளியிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. நான் அழுதேனாம். பிறகு அழுகையை நிறுத்திவிட்டேனாம். அதுதான் அவளுக்கு அதிக அச்சம் தந்தது. விரலை என் மூக்கடியில் வைத்து மூச்சைப் பார்ப்பாள். உடனே காதைக் கதவில் வைப்பாள். விமான ஓசை கேட்கவில்லை. கேட்காமையால் இது விமானமன்று என்று நெஞ்சு சொல்லும். விமானம் இல்லையேல் சுரங்கம்தானே என்று அதே நெஞ்சு திரும்பச் சொல்லும். குண்டு விழட்டும் என்று ஒரு கணம் ஜெபித்ததாக அவள் என்னிடம் சொன்னாள். குண்டென்றால் அவர் பூமிக்கடியில் பத்திரமாயிருப்பார். அடுத்த கணமே தன் மடியிலிருப்பது யார் என்று நினைவு வந்து, அந்த ஜெபத்தைத் திரும்பத் தரும்படி வேறொரு ஜெபம் செய்தாள்.

சுரங்கம்தான். மேற்குப் பகுதியில் கூரை சரிந்திருந்தது. கெரைன்ட் என்ற இளைஞனின் கால் பாறைக்கடியில் நசுங்கிற்று. மற்றவர்களை மேலே அனுப்பினார்கள். ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டு மேலே வந்து கதவு திறந்தபோது, கரிபூசிய முகத்தோடு வெளியே அடியெடுத்தவர்கள் வாசலைப் பார்த்து அப்படியே நின்றார்கள். மனைவியர் இல்லை, தாய்மார் இல்லை. வட்டக் கண்ணாடிக் கண்களும் தகர மூக்குமாய் ஒரு வரிசை அசையாமல் நின்றது.

"நரகம் கீழன்னுல்ல சொன்னாங்க," என்றான் ஒருவன். "நாம ஏறியா வந்திருக்கோம்?"

தாத்தா கூப்பிட்டார். முகமூடிக்குள் அவர் குரல் அவருக்கே எட்டவில்லை. விஷப்புகையும் குண்டும் இன்னும் அவர் நினைவில் இருந்தன, மேலே வானம் திறந்துதான் கிடந்தது, ஆயினும் அவர் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எம்ரிஸ்!" என்று இருமலோடு அழைத்தார். அவரைப் பார்த்து மற்ற முதியவர்களும் கழற்றினார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாய் அந்த முற்றத்தில் எழுந்தன. அழைக்கப்பட்டவர் ஒவ்வொருவராய் வந்தார்கள்.

"மென்னா எங்க, அப்பா?" என்றார் என் தந்தை.

"உள்ள இருக்கா."

"உள்ளயா?"

எதையோ இழந்தவன்போல் அவர் கேட்டதாகத் தாத்தா சொல்வார். கேட்டபடியே நடந்து வந்தார்.

மேல்வரிசையில் எல்லாக் கதவும் அடைத்திருந்தது. கைன்வென் நடுத்தெருவில் நின்றாள். தந்தை எங்கள் கதவில் கை வைத்தார்.

"தொடாத எம்ரிஸ். நீள ஊதல் வரல."

"அக்கா, குண்டு இல்ல. மேற்கால கூரை சரிஞ்சிது. கெரைன்ட்டுக்கு அடி. அவ்வளவுதான்."

"அது உனக்குத் தெரியும், எனக்கும் இப்பத் தெரியும். நேத்து இவங்களுக்கு நான் என்ன சொன்னேன்? யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்கன்னு. இன்னிக்கு உன் குரலக் கேட்டுத் திறந்தா, நாளைக்கு எவன் குரலக் கேட்டும் திறப்பாங்க."

"மென்னா!" என்றார் தந்தை கதவைப் பார்த்து.

உள்ளே என் தாய் அந்தக் குரலைக் கேட்டாள். எழுந்து கம்பளியில் கையை வைத்தாள். புகை நிறைந்த தெருவில் அவர் நின்று கூப்பிடுகிறாரோ, அல்லது அச்சம்தான் அவர் குரலில் கூப்பிடுகிறதோ என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் நான் இருந்தேன். அவள் கையை எடுத்தாள்.

அப்போதுதான் தாத்தாவுக்கு மற்றொன்று விளங்கிற்று. விபத்து முடிந்ததென்று நீளமாய் ஊதும் வழக்கம் எங்கள் ஊரில் இருந்ததே இல்லை. இந்தக் கதவுகளைத் திறக்கப்போகும் ஊதல் பகல்முறை முடியும் பிற்பகல்வரை வராது. அவர் திரும்பி, இறங்கிய சரிவிலேயே மறுபடி ஏறினார். தந்தை தாம் போவதாகச் சொன்னதைக் கேளாமல் ஏறினார்.

"நீட்டா ஊது மால்டுவின்," என்றார் எஞ்சின் அறை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு.

"வேல முடியற நேரம் ஆகலையே அண்ணே. மேனேஜர் சொல்லாம எப்படி? கைப்பட்ட இருந்தாலாவது…"

"இல்ல. கொடுத்துட்டேன்." மூச்சுக்காக அவர் நின்றார். "ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தி கைப்பிள்ளையோட இருட்டுல உட்கார்ந்திருக்கா. புருஷன் செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அப்படியும் திறக்கல. ஊதுப்பா."

மால்டுவின் கயிற்றைப் பற்றித் தம் உடல் பாரத்தையெல்லாம் கொடுத்து இழுத்தார். அந்த நீண்ட ஊதல் பள்ளத்தாக்கின் இருபுற மலையிலும் மோதித் திரும்பியது.

கதவுகள் திறந்தன. என் தாய் வெளியே வந்தபோது அவள் கைகள் என்னைச் சுற்றி மரத்துப்போயிருந்தன. சால்வையை அவிழ்க்கத் தந்தைதான் உதவினார். அவள் அவர் முகத்தில் கைவைத்து, கண் தெரியாதவள்போல் நெற்றியையும் மூக்கையும் வாயையும் தடவினாள். தாத்தா தெருமுனையில் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் அவரிடம் போனாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்களா மாமா?"

"கூப்பிட்டேன்."

அவள் தலையசைத்தாள். பிறகு, கெஞ்சலும் கோபமும் இல்லாமல், செய்தி சொல்வதுபோல், "இன்னொரு தடவ என்னால முடியாது," என்றாள்.

தெருவின் மறுகோடியில் கைன்வென் ஒவ்வொரு வாசலாக நின்று, கம்பளி நனைந்திருந்ததா, சன்னல் இடுக்கு அடைத்திருந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது காஞ்சு கிடக்கு," என்று எந்த வீட்டிலோ அவள் சொல்வது கேட்டது. "அடுத்த தடவ வாளியில தண்ணி முன்னாலயே இருக்கணும், சொல்லிட்டேன்."

என் தாய் என்னைத் தந்தையின் கையில் கொடுத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.